ஆர்தர் சி. கிளார்க்கின் நாவல்களை எங்கே தொடங்குவது, எப்படி வாசிப்பது

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கை வாசிக்க ஆசைப்படுகிறவர்களில் பலர் முதலில் கையில் எடுப்பது '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யைத்தான். ஸ்டான்லி குப்ரிக்கின் திரைப்படம் அதற்குத் தேடித்தந்த புகழ் அப்படி. அந்த நாவலில் பெரிய குறை ஒன்றும் இல்லை. ஆனால் கிளார்க்கிடம் போய்ச் சேர அது நல்ல வாசல் அல்ல என்பது என் உறுதியான எண்ணம். படத்தைப் பார்த்துவிட்டு வாசிப்பவருக்குப் பக்கத்துக்குப் பக்கம் படமே முன்னால் வந்து நிற்கும். எழுத்தாளர் ஒதுங்கிப் போய்விடுவார். அங்கே தொடங்கிப் பாதியில் மூடி வைத்துவிட்டு, "இவர் எனக்கு ஒத்துவர மாட்டார்" என்று முடிவு கட்டிக்கொள்வதைவிட, வேறு வரிசையில் அவரை அணுகுவது நல்லது.

வரிசையைச் சொல்வதற்கு முன், எதை எதிர்பார்க்க வேண்டும், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குடும்பச் சிக்கல், காதல், வஞ்சம், மனப்போராட்டம் என்று நாம் நாவல்களில் வழக்கமாகத் தேடுபவை கிளார்க்கிடம் குறைவாகவே கிடைக்கும். அவருடைய மனிதர்கள் பெரும்பாலும் தங்கள் வேலையைச் செவ்வனே அறிந்த, நெருக்கடியிலும் நிதானம் தவறாத பொறியாளர்கள், கப்பல் தலைவர்கள், வானியலாளர்கள். வாசித்துச் சில மாதங்கள் கழிந்தால் அவர்களுடைய பெயர்கள் மறந்துவிடும். அவர்கள் நடமாடிய இடமோ ஆயுளுக்கும் மறக்காது. ஏனென்றால், கிளார்க்கின் நாவல்களில் கதாநாயகப் பொறுப்பு இடத்துக்கு உரியது. நிலவின் தூசிக்கடல், விண்வெளியில் மிதந்துவரும் ஓர் உருளை, ஒரு மலையுச்சியிலிருந்து வானுக்கு எழும் கோபுரம் என்று ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு களம் உண்டு. அந்தக் களத்தில் ஈர்ப்பும் வெப்பமும் ஒளியும் நீரும் எப்படி நடந்துகொள்ளும் என்பதிலிருந்துதான் கதை பிறக்கிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு வாசிக்கிறவருக்குக் கிளார்க் ஒருபோதும் சலிப்பதில்லை.

முதலில் சிறுகதைகளை வாசியுங்கள். அவருடைய கதைகள் ஏறத்தாழ முழுமையாக ஒரே பெருந்தொகுப்பாக வந்திருக்கின்றன. அதை முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசிக்க வேண்டிய அவசியம் இல்லை. தொடக்க காலக் கதைகளில் பயிற்சியின் தடங்கள் தெரியும். 1953இல் வெளிவந்த 'தி நைன் பில்லியன் நேம்ஸ் ஆஃப் காட்' கதையை முதலில் எடுங்கள். கடவுளின் எல்லாப் பெயர்களையும் எழுதி முடிக்க வேண்டும் என்று பல நூற்றாண்டுகளாக உழைத்துவரும் ஒரு திபெத்திய மடாலயம், அந்த வேலையை விரைவுபடுத்த ஒரு கணினியை வரவழைக்கிறது. அதன் கடைசி வாக்கியத்தை யாரிடமும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள். அடுத்து 'தி ஸ்டார்'. 1955இல் வெளிவந்து மறு ஆண்டு அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது பெற்ற இந்தக் கதையில், ஒரு ஏசு சபைத் துறவியே வானியற்பியலாளராக இருந்து, வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் அருகே தான் கண்டதைச் சொல்கிறார். மூன்றாவதாக, 1971இல் வந்த 'டிரான்ஸிட் ஆஃப் எர்த்'. செவ்வாயில் தனியாகச் சிக்கிக்கொண்ட ஒருவர், உயிர்வளி தீர்ந்துவரும் வேளையில், சூரியனின் முகத்தைப் பூமி கடந்து செல்வதை அளந்து பதிவுசெய்கிறார். செவ்வாயிலிருந்து பார்த்தால் 1984 மே 11 அன்று அந்தக் கடப்பு உண்மையாகவே நிகழ வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கை வைத்தே கிளார்க் கதையைக் கட்டினார். சாகப்போகிறவர் அழுது புலம்பவில்லை, வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். அந்த நிதானத்துக்குள் இருக்கும் உணர்ச்சியை நீங்கள் கேட்டுவிட்டால், கிளார்க்கின் குரல் பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

முதல் நாவலாக 1961இல் வெளிவந்த 'எ ஃபால் ஆஃப் மூன்டஸ்ட்' நாவலைப் பரிந்துரைப்பேன். மனிதன் நிலவில் இறங்குவதற்கு 8 ஆண்டுகள் முன்பு எழுதப்பட்டது. நிலவின் தாழ்நிலங்களில் மிக நுண்ணிய தூசி ஆழமாகப் படிந்திருக்கலாம் என்று அந்நாளில் ஒரு கருத்து நிலவியது. அந்தத் தூசியின் மேல் படகுபோல் வழுக்கிச் செல்லும் செலினி என்ற சுற்றுலா ஊர்தி, 22 பேருடன் ஒருநாள் உள்ளே அமிழ்ந்துபோகிறது. 1966இல் லூனா 9, சர்வேயர் 1 ஆகிய கலங்கள் நிலவில் இறங்கியபோது எதுவும் அமிழவில்லை; ஆகவே நாவலின் அடிப்படை பொய்த்துவிட்டது என்று சொல்லலாம். இருந்தும் நாவல் பழசாகவில்லை. காரணத்தை ஓர் இடத்தைக் காட்டிச் சொல்கிறேன். புதைந்த ஊர்திக்குள் இருப்பவர்கள் முதலில் அஞ்சுவது காற்று தீர்ந்துவிடும் என்பதற்குத்தான். ஆனால் சிறிது நேரத்தில் வேறொரு ஆபத்து முளைக்கிறது. தூசி வெப்பத்தைக் கடத்தாது. 22 உடல்களிலிருந்தும் கருவிகளிலிருந்தும் வெளிப்படும் வெப்பம் போக வழியில்லாமல் உள்ளேயே தேங்குகிறது. குளிரில் உறைந்த தூசிக்கு அடியில் மனிதர்கள் புழுங்கிச் சாகும் நிலை! அவர்களைத் தேடுபவர்களுக்கு அதே வெப்பம் எப்படித் துப்பாகிறது என்பதை நாவலிலேயே பாருங்கள். வில்லன் என்று எவரும் இல்லாமல், பள்ளிக்கூட இயற்பியலை மட்டும் வைத்துக்கொண்டு கிளார்க் பக்கத்துக்குப் பக்கம் பதற்றத்தை ஏற்றுகிறார். உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் இதுவே ஏற்றது.

இதற்குப் பிறகு 'ராண்டேவூ வித் ராமா'. 1973இல் வெளிவந்து ஹ்யூகோ, நெபுலா ஆகிய இரு விருதுகளையும் பெற்ற நாவல். 22ஆம் நூற்றாண்டில் சூரியக் குடும்பத்துக்குள் ஒரு பெரிய பொருள் நுழைகிறது. கிரேக்க, ரோமப் புராணப் பெயர்களையெல்லாம் வானியலாளர்கள் ஏற்கெனவே பயன்படுத்தித் தீர்த்துவிட்டதால், இந்துக் கடவுளரின் பெயர்களுக்கு வந்து, இதற்கு ராமா என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அது சிறுகோள் அல்ல, யாரோ செய்த உருளை என்பது பின்னர் தெரிகிறது. நீளம் 50 கிலோமீட்டர், விட்டம் 20 கிலோமீட்டர். எண்டெவர் என்ற கப்பலின் தலைவர் நார்ட்டனும் அவருடைய குழுவினரும் அதற்குள் இறங்குகிறார்கள். கதை இவ்வளவுதான்.

இந்த நாவலை வாசிக்கும்போது ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். இதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. படம் வரையாமல் வாசித்தால் நாவலின் பாதி இன்பம் கைக்கு எட்டாமல் போய்விடும். ராமாவின் உள்விட்டம் 16 கிலோமீட்டர். 4 நிமிடத்துக்கு ஒரு முறை அது தன்னைத்தானே சுற்றுகிறது. அந்தச் சுழற்சியால் உள்சுவரில் நிற்பவருக்கு எடை உண்டாகும். கோண வேகத்தை வர்க்கப்படுத்தி 8 கிலோமீட்டர் ஆரத்தால் பெருக்கினால், பூமியின் ஈர்ப்பில் பாதியைச் சற்றே தாண்டும் ஓர் எண் வரும். அச்சில் நிற்பவருக்கோ எடையே இல்லை. ஆகவே குழுவினர் அச்சிலிருந்து பிரம்மாண்டமான படிக்கட்டு வழியாக இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் எடை கூடிக்கொண்டே வருகிறது. ஏணியாகத் தொடங்குவது சாய்ந்து சாய்ந்து படிக்கட்டாகி, சமவெளியில் போய் முடிகிறது. நிமிர்ந்து பார்த்தால் வானத்துக்குப் பதிலாக மறுபக்கத்துத் தரை தலைக்கு மேலே தொங்குகிறது. உருளையின் நடுவே அதை வளையமாகச் சுற்றி ஒரு கடல் கிடக்கிறது. இந்தக் குறுக்குவெட்டை ஒரு முறை நீங்களே வரைந்து பார்த்துவிட்டால், பிறகு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நீங்கள் அங்கே நிற்பீர்கள்.

அந்தக் கடலை ஒட்டி ஒரு கேள்வி வருகிறது. வட கரையின் செங்குத்துச் சுவர் 50 மீட்டர் உயரம். தென் கரையின் சுவரோ 500 மீட்டர். இப்படிக் கட்டியவர்களுக்கு என்ன காரணம் இருந்திருக்கும்? அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் யோசியுங்கள். விடை ஒரே ஒரு இயற்பியல் கருத்தில் இருக்கிறது. அதை நாமே கண்டுபிடிக்கும்போது ஏற்படும் மகிழ்ச்சிக்கு ஈடாக வேறு எந்த நாவலாசிரியரும் எனக்கு ஒன்றைத் தந்ததில்லை. நாவல் முழுவதும் இப்படித்தான். பார்ப்பது, அளப்பது, ஊகிப்பது, ஊகத்தைச் சோதிப்பது என்ற முறையில் ஓர் அந்நியக் கலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைக் காட்டுகிறது. எல்லாவற்றையும் காட்டிவிடுவதில்லை. விடை கிடைக்காத கேள்விகளோடு நாவல் முடிவதைச் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. பேரண்டம் நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதல்ல என்பதைக் கிளார்க் உணர்ந்து எழுதியிருக்கிறார். அதனாலேயே அந்த முடிவு எனக்குச் சரியென்று படுகிறது.

பெண் பாத்திரங்களைக் கிளார்க் போதிய அக்கறையோடு எழுதவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ராமாவில் எடையின்மையில் பெண்களின் உடலைப் பற்றி வரும் ஒரு பத்தி இன்றைய வாசகரை முகம் சுளிக்க வைக்கும். அதற்காக நாவலை ஒதுக்க வேண்டாம்.

மூன்றாவதாக வாசிக்க வேண்டிய 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலை ரசிக்க, கிளார்க்கின் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் சாமர்செட்டில் 1917இல் பிறந்த அவர், 1956இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 2008இல் கொழும்பில் காலமாகும் வரை அங்கேயே வாழ்ந்தார். அவரை இழுத்து வந்தது கடல். நீருக்கடியில் மூழ்கும்போது உண்டாகும் எடையின்மை, விண்வெளிக்குப் போகாத ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய அதற்கு மிக நெருங்கிய அனுபவம் என்று அவர் கருதினார். பிற்காலத்தில் நடக்கவே சிரமப்பட்ட நிலையிலும் மூழ்குவதை அவர் கைவிடவில்லை. வந்த புதிதில் அவரும் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலையின் சுவாமி மலையடியில் மூழ்கி, போர்த்துகீசியர் இடித்துத் தள்ளிய திருக்கோணேச்சரக் கோவிலின் எச்சங்களைக் கடலடியில் கண்டார்கள். 1957இல் வெளிவந்த 'தி ரீஃப்ஸ் ஆஃப் டாப்ரபேன்' என்ற அவருடைய பயண நூலில் அந்த அனுபவத்தை வாசிக்கலாம். நாவல் அல்லவென்றாலும் தமிழ் வாசகர் தவறவிடக் கூடாத நூல் அது.

'ஃபவுண்டன்ஸ்' 1979இல் வெளிவந்தது. பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுவதுதான் கதை. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமியோடு சேர்ந்தே சுழல்வதால், ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். அந்தச் சுற்றுப்பாதையைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று கிளார்க் 1945இலேயே ஒரு கட்டுரையில் விளக்கியிருந்தார். இன்று நம் வீட்டுக் கூரைகளில் இருக்கும் டிஷ் ஆண்டெனாக்கள் அந்தப் பாதையை நோக்கித்தான் திரும்பியிருக்கின்றன. அங்கிருந்து தரைவரை ஓர் இழையை இறக்கினால், அதைப் பிடித்து ஏறலாம் அல்லவா? ரஷ்யப் பொறியாளர் யூரி அர்ட்சுடானோவ் 1960இல் முன்வைத்த இந்தக் கருத்தைக் கிளார்க் நாவலாக்கினார். இழையின் அடி நடுக்கோட்டில் இருந்தாக வேண்டும். இலங்கையோ அதற்குச் சில பாகை வடக்கே இருக்கிறது. எனவே தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி, டாப்ரபேன் என்ற அதன் பழம்பெயரைச் சூட்டி, புனித மலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கிக்கொண்டதாக நூலில் அவரே தெரிவிக்கிறார்.

நாவலின் யக்ககல என்பது சிகிரியா. ஸ்ரீகந்த என்பது நாம் சிவனொளிபாதமலை என்று வழங்கும் மலை. காளிதாசன் என்ற மன்னன், 5ஆம் நூற்றாண்டில் சிகிரியாவைக் கட்டிய காசியப்பன். நாவலின் முற்பகுதி இந்த மன்னனுக்கும், கோபுரத்தைக் கட்ட வரும் பொறியாளர் வன்னிவர் மார்கனுக்கும் இடையே மாறி மாறிச் செல்வதால், பின்னணி தெரியாதவர்கள் அங்கே தடுமாறுவார்கள். ஆகவே நாவலைத் திறக்கும் முன் சிகிரியாவின் வரலாற்றை ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை அளவிலாவது வாசித்துவிடுங்கள். குன்றின் படங்களையும் பாருங்கள். தந்தையைக் கொன்று அரியணை ஏறியவன், பாறையின் உச்சியில் மாளிகையும் அடிவாரத்தில் நீரூற்றுகளும் அமைத்து, பூமியிலேயே சொர்க்கத்தைக் கட்ட முயன்றான் என்பது மனத்தில் பதிந்துவிட்டால், வானுக்கு ஏணி கட்டும் மார்கன் அவனுடைய வாரிசாகத் தெரியத் தொடங்குவான். கோபுரத்துக்குத் தகுந்த ஒரே இடமான மலையுச்சியில் ஒரு பௌத்த மடம் இருக்கிறது. துறவிகள் இடம்விட்டு நகர மறுக்கிறார்கள். அந்த வழக்கு எப்படித் தீர்கிறது என்பதில் வண்ணத்துப்பூச்சிகளுக்கு ஒரு பங்கு உண்டு. கிளார்க் எழுதியவற்றிலேயே ஆக அழகான பகுதிகளில் ஒன்று அது. இறுதிப் பகுதியில், தரையிலிருந்து 600 கிலோமீட்டர் உயரத்தில் சிக்கிக்கொண்டவர்களுக்கு உதவ, இதயநோயாளியான மார்கன் தனியாக மேலே ஏறுகிறார். கிளார்க்குக்கு மனிதர்களை எழுத வராது என்று சொல்பவர்கள் அந்த அத்தியாயங்களை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு மறுபடி பேசட்டும்.

கடலும் விண்வெளியும் அவருக்கு எவ்வளவு நெருங்கியவை என்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள் இதோடு 1957இல் வந்த 'தி டீப் ரேஞ்ச்' நாவலையும் சேர்த்துக்கொள்ளலாம். விண்வெளியில் நேர்ந்த விபத்தால் மனம் உடைந்து மீண்டும் அங்கே போக இயலாத ஒருவன், கடலில் திமிங்கில மந்தைகளைக் காக்கும் வேலைக்கு வருகிறான்.

இந்த அளவுக்குப் பழகிய பிறகு எடுக்க வேண்டியது 1953இல் வெளிவந்த 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்'. உலகின் பெருநகரங்களின் மேல் வேற்றுலகக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. வந்தவர்கள் போரை ஒழித்து, வளத்தைக் கொண்டுவந்து, 50 ஆண்டுகளுக்குத் தங்கள் உருவத்தை மட்டும் காட்ட மறுக்கிறார்கள். இதில் வெளிப்படும் கருத்துகள் ஆசிரியருடையவை அல்ல என்ற குறிப்போடு கிளார்க் இந்த நாவலை வெளியிட்டார். விண்வெளிப் பயணத்தையே கனவாகக் கொண்ட ஒருவர், விண்மீன்கள் மனிதனுக்கு உரியவை அல்ல என்று ஒரு பாத்திரத்தைச் சொல்லவைத்தால் வேறு என்ன செய்வார்! இதன் பிற்பகுதி கடுமையான துயரம் தரக்கூடியது. மற்ற நாவல்களில் அவருடைய நம்பிக்கையைக் கண்ட பிறகு வாசித்தால்தான் அந்தத் துயரத்தின் கனம் தெரியும் என்பதால் பின்னால் வைத்தேன். 1956இல் வந்த 'தி சிட்டி அண்ட் தி ஸ்டார்ஸ்' நாவலையும் இந்தக் கட்டத்தில் வாசிக்கலாம். நூறு கோடி ஆண்டுகளுக்குப் பிறகு, வெளியுலகை மறந்து தன்னையே சுற்றி மூடிக்கொண்ட டயஸ்பார் என்ற நகரத்திலிருந்து ஓர் இளைஞன் வெளியேற விரும்புகிறான்.

2001 நாவலுக்கு இப்போது வரலாம். படமும் நாவலும் ஒரே காலத்தில், குப்ரிக்கும் கிளார்க்கும் கலந்து பேசியபடியே உருவாகி 1968இல் வெளிவந்தன. படத்தில் கப்பல் வியாழனுக்குச் செல்கிறது, நாவலில் சனிக்கு. 1982இல் வந்த அடுத்த பாகம் நாவலை விட்டுவிட்டுப் படத்தைத் தொடர்கிறது என்பதை முன்பே தெரிந்துகொண்டால் குழப்பம் வராது. படம் மௌனமாக விடும் பலவற்றை நாவல் விளக்கிவிடுவதால், படத்தைப் பார்த்துச் சில நாள் அதன் புதிரோடு இருந்துவிட்டு நாவலுக்கு வருவதே சரியான முறை. தொடரின் நான்காம் பாகமான '3001' கட்டாயம் இல்லை. ஜென்ட்ரி லீயுடன் இணைந்து வெளிவந்த ராமாவின் தொடர்ச்சிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் நாவல் காத்த மௌனத்தை அவை கலைத்துவிடுகின்றன.

நூல்களைத் தேடுபவர்களுக்கு: கோலன்ஸ் பதிப்பகத்தின் 'எஸ்எஃப் மாஸ்டர்வொர்க்ஸ்' வரிசையில் மேலே சொன்ன நாவல்களில் பலவும் கிடைக்கின்றன. கொழும்பிலோ சென்னையிலோ பழைய புத்தகக் கடைகளை அலசினால் முந்தைய மலிவுப் பதிப்புகள் அகப்படும். கிளார்க்கின் ஆங்கிலம் எளியது, வாக்கியங்கள் தெளிவானவை, பெரும்பாலான நாவல்களில் அத்தியாயங்கள் சில பக்கங்களைத் தாண்டுவதில்லை. ஆங்கிலத்தில் நாவல் வாசிக்கத் தயங்குகிறவர்கள் நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்று ராமாவை எடுத்தால், அதன் 46 அத்தியாயங்களும் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். அறிவியல் சொல் புரியாத இடத்தில் அகராதியைத் தேடுவதைவிடப் பள்ளி இயற்பியல் பாடநூலைப் புரட்டுவது அதிகம் உதவும்.

கடைசியாக, 1986இல் வெளிவந்த 'தி சாங்ஸ் ஆஃப் டிஸ்டன்ட் எர்த்'. தன் நாவல்களில் தமக்கு மிகவும் பிடித்தது இதுவே என்று கிளார்க் கூறியிருக்கிறார். அழிந்துபோன பூமியிலிருந்து புறப்பட்ட மெகல்லன் என்ற கப்பல், தன் முன்பக்கத்துப் பனிக் கேடயத்தைப் புதுப்பித்துக்கொள்வதற்காக, முழுவதும் கடல் சூழ்ந்த தலாசா என்ற கோளில் நிற்கிறது. அங்கே ஏற்கெனவே குடியேறி நிம்மதியாக வாழ்ந்துவரும் மனிதர்களைச் சந்திக்கிறது. இதே பெயரில் 1958இல் அவர் எழுதிய சிறுகதையும் தொகுப்பில் இருக்கிறது. முதலில் கதையையும் அடுத்து நாவலையும் வாசித்து, காதலாக மட்டும் இருந்த ஒன்றைச் சுற்றி அந்தக் கடலும் பனியும் பூமியின் நினைவும் எப்படி வந்து சேர்ந்தன என்பதைக் கவனியுங்கள்.